திரையில் சுழன்ற மூலக்கூறு

தாள் தட்டையானது, புரத மூலக்கூறோ நீளம், அகலம், உயரம் மூன்றும் உடையது. உயிர்வேதியியல் பயிலும் மாணவர்க்குள்ள தலையாய இடர்ப்பாடு இதுதான். அம்மூலக்கூறுகளைக் கண்டறிந்த அறிஞர்களையும் இது விட்டுவைக்கவில்லை.

கேம்பிரிட்ஜில் ஜான் கென்ட்ரூவும் அவருடைய குழுவினரும் திமிங்கிலத் தசையிலுள்ள மயோகுளோபின் என்னும் புரதத்தை எக்ஸ்-கதிர்களால் ஆராய்ந்தனர். அது 153 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. 1960ஆம் ஆண்டளவில் நுண்விவரங்கள் கிடைத்ததும் மாதிரி ஒன்றைக் கட்டினார்கள். ஓர் ஆங்ஸ்ட்ராமுக்கு 5 செ.மீ. என்பது அளவு. ஏறத்தாழ 2,500 கம்பிகளைச் செங்குத்தாக நட்டு, எலெக்ட்ரான் அடர்த்தியைக் காட்ட வண்ணக் கவ்விகளை மாட்டினர். ஆள் உயரக் கம்பிக்காடு! உள்ளே கை நுழைவதே அரிது. மூலக்கூற்றைத் தாங்கிய கம்பிகளே அதை மறைத்தும் நின்றன. 1962இல் கென்ட்ரூவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தக் காட்டை எந்த வகுப்பறைக்குத் தூக்கிச் செல்வது?

1960களின் நடுவில், அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சைரஸ் லெவிந்தால் வேறு வழி கண்டார். கணிப்பொறியோடு இணைந்த திரையில் புரதத்தை ஒளிக்கோடுகளாக வரையச் செய்தார். பக்கத்தில் கையால் திருகும் உருண்டை ஒன்று. திருகும் திசையில் படம் சுழலும். அதிகம் திருகினால் விரைந்து சுழலும்.

திரையும் தாளைப் போலத் தட்டைதானே, இதில் என்ன ஆதாயம் என்று கேட்கலாம். ரயிலில் போகும்போது அருகிலுள்ள பனைமரங்கள் விரைந்து ஓடுகின்றன. தொலைவிலுள்ள குன்று மெல்ல நகர்கிறது. அந்த வேறுபாட்டிலிருந்தே மூளை தொலைவை உணர்கிறது. அசையாத கோட்டுப்படத்தில் எது முன், எது பின் என்று தெரியாது. சுழலத் தொடங்கியதும் முன்புறக் கோடுகள் ஒரு பக்கமும் பின்புறக் கோடுகள் எதிர்ப்பக்கமும் நகர, ஆழம் புலப்படுகிறது. முன்னது பின்னதாகத் தோன்றும் மயக்கம் சிலவேளை நேரும் என்பதும் உண்மை.

அத்தகைய கணிப்பொறி அன்று சாதாரணக் கல்லூரிகளுக்கு எட்டாக் கனி. 1993இல் ரோஜர் செயில் 'ராஸ்மால்' என்னும் நிரலை இலவசமாக வெளியிட்ட பின்னர், மேசைக் கணிப்பொறியிலும் மாணவர் புரதத்தைத் திருப்பிப் பார்க்க முடிந்தது.

அரிவாள் செல் சோகையை எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் அமர்ந்திருக்கிறது. தேர்வுக்கு இதை மனப்பாடம் செய்துவிடலாம். திரையில் அந்த ஆறாம் இடத்தைத் தேடிப் பிடிக்கும் மாணவியோ, அது மூலக்கூற்றின் வெளிப்பரப்பில் இருப்பதைக் காண்கிறாள். நீரை விரும்பாத வாலின் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், ஆக்சிஜனை இழந்த நிலையில் அண்டை மூலக்கூற்றின் குழியில் போய் ஒட்டிக்கொள்ளும். அவ்வாறு ஒட்டி ஒட்டி நீண்ட இழைகள் உருவாகவே சிவப்பணு அரிவாளாய் வளைகிறது. ஆனால் ஆசிரியர் தாமே சுழற்றிக் காட்டினால் அது வெறும் திரைப்படம். தேடும் வேலை மாணவர் கையில் இருக்க வேண்டும்.

என் மாணவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, ஆக்சிஜன் அணு உண்மையிலேயே சிவப்பா?" அந்த நிறம் பழைய மாதிரிகளிலிருந்து வந்த மரபு. அணுவின் குறுக்களவு சில ஆங்ஸ்ட்ராம். சிவப்பு ஒளியின் அலைநீளமோ ஏறத்தாழ 6,500 ஆங்ஸ்ட்ராம். அன்றைய வகுப்பு முழுவதும் அந்தக் கேள்வியிலேயே போயிற்று.