நூறாண்டு காத்திருந்த பட்டம்

சிங்கப்பூரில் ஆகஸ்ட் 1 தாதியர் தினம். ஏன் அந்த நாள்? 1885ஆம் ஆண்டு அதே தேதியில்தான் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் பொது மருத்துவமனையில் நோயாளிகளைப் பராமரிக்கத் தொடங்கினார்கள். சேவை மனப்பான்மை இருந்தது. அன்று இங்கே தாதியர் பள்ளி இல்லை.

1956ல் அந்த மருத்துவமனை வளாகத்திலேயே தாதியர் பள்ளி திறக்கப்பட்டது. 1992ல் பயிற்சிப் பொறுப்பு, புதிதாக உருவான நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியின் சுகாதார அறிவியல் பள்ளிக்கு மாறியது. இயன்மருத்துவம் பயில்வோரும் தாதியரும் ஒரே கல்லூரியின் மாணவர்கள் ஆனார்கள்.

சரி, பட்டம்? டாக்டராக விரும்பியவர்களுக்கு 1905லேயே மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அதன் வழிவந்த சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தாதிமைப் பட்டப்படிப்பு தொடங்கியதோ 2006ல்! இடையில் ஒரு நூற்றாண்டு.

படுக்கைப்புண்ணை எப்படித் தடுப்பது? முதியவர் இரவில் எழும்போது ஏன் விழுகிறார்? இந்தக் கேள்விகள் இரவெல்லாம் அருகில் இருக்கும் தாதியின் மனத்தில்தான் முதலில் எழுகின்றன. அவற்றுக்கு அவரே ஆய்வு செய்து விடை தேடும் வாய்ப்பைப் பல்கலைக்கழகம் திறந்துவிட்டது.

பிள்ளையை டாக்டராக்க ஆசைப்படும் பெற்றோர், தாதியாக வேண்டும் என்று பிள்ளை சொன்னால் முகம் சுளிக்கலாமா? இந்த நூறாண்டுக் கதையை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.