கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்ட குடும்பம்

தோட்டவெளியில் வேதசாட்சிகளின் ஆலயத்துக்குச் சென்றுவரும் நம்மில் எவருக்கும் சங்கிலி மன்னனின் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1544இல் மன்னாரில் கிறிஸ்தவர்களாகியோரை, ஏறக்குறைய அறுநூறு பேரை, வெட்டுவித்தவன் அவன். ஆனால் போர்க் கைதியாகக் கோவாவில் உயிர்விட்ட சங்கிலி வேறொருவன். இருவருக்கும் இடையே முக்கால் நூற்றாண்டு இருக்கிறது. 1736 அளவில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையே இருவரையும் ஒருவராக்கிவிட்டது. ஆகவே நமது பாட்டிமார் குழப்பிக்கொண்டதில் வியப்பில்லை.

பின்னவனை வரலாற்றாசிரியர்கள் சங்கிலி குமாரன் என்பர். எதிர்மன்னசிங்கன் இறந்தபோது அவனுடைய மகன் சிறு குழந்தை. அக்குழந்தையின் பெயரால் ஆளவேண்டிய உறவினரைக் கொன்று ஆட்சியைப் பிடித்தவனே சங்கிலி குமாரன். அவனை வீரனாக மட்டும் காட்டும் மேடை நாடகங்கள் இதைச் சொல்வதில்லை. 1560 முதல் மன்னார்க் கோட்டை போர்த்துக்கேயர் கையில் இருந்தபடியால், அவன் தஞ்சாவூர் நாயக்கரின் துணையை நாடினான். 1619இல் பிலிப் டி ஒலிவேரா படையுடன் வந்தான். தோல்வியுற்ற சங்கிலி, குடும்பத்தாருடன் கடல் வழியே இந்தியக் கரைக்குத் தப்ப முயன்றபோது பிடிபட்டான். கோவாவில் விசாரிக்கப்பட்டு 1623இல் மரணதண்டனை பெற்றான். இறக்குமுன் ஞானஸ்நானம் பெற்றான் என்பது போர்த்துக்கேயர் எழுதிவைத்தது. சிறைக்கூடத்தில் ஒருவன் எடுத்த முடிவை, அவனைச் சிறைவைத்தவர்களின் ஏட்டிலிருந்துதான் நாம் அறிகிறோம்.

அரசன் கதை அத்துடன் முடிகிறது, குடும்பத்தின் கதை முடியவில்லை. எஞ்சிய அரச குடும்பத்தினரும் கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டனர். ஆண்கள் துறவிகளாகவும் பெண்கள் கன்னியராகவும் மடங்களிற் சேரும்படி கேட்கப்பட்டனர். பெரும்பாலோர் இணங்கினர். எதிர்மன்னசிங்கனின் மகனும் வளர்ந்து பிரான்சிஸ்கன் துறவியானான். இதைப் பக்தியின் வெற்றியாக மட்டும் வாசிப்பது எனக்கு இயலவில்லை. துறவிக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லையேல் நல்லூர்ச் சிம்மாசனத்துக்கு உரிமை கேட்க ஆளில்லை. வாளால் முடிக்கவேண்டியதை வார்த்தைப்பாடு முடித்தது. அவர்களுள் சிலருக்கு உண்மையான அழைத்தலும் இருந்திருக்கலாம், அதை மறுக்க நாம் யார்?

குடும்ப வரலாறு தேடுவோருக்கு இங்கேதான் இடர். கோவாவிற் புதுப்பெயர் பெற்ற ஒருவரை நல்லூர்ப் பெயரைக்கொண்டு தேடிக் காணமுடியாது. அதுவும் பெண்களைப் பற்றிய செய்தி, ஞானஸ்நானப் பெயரும் 'அரசனின் மனைவி', 'அரசனின் உறவினள்' போன்ற குறிப்புமாக நின்றுவிடுகிறது. தாய் வைத்த பெயர் நல்லூரிலேயே தங்கிவிட்டது. சங்கிலி வம்சம் என்று இன்று உரிமை பாராட்டுவோரிடம் நான் முதலிற் கேட்பது, எந்தக் கிளை என்பதுதான். கோவாவுக்குப் போனவர்களின் வழி அங்கேயே அற்றுப்போனது. முந்திய தலைமுறைகளில் வேறு வீடுகளில் வாழ்க்கைப்பட்டுப் போன பெண்களின் வழியென்றால் கேட்கலாம்.

சங்கிலிக்கு யாழ்ப்பாணம் முத்திரைச் சந்தியில் 1974இல் சிலை வைத்தார்கள், குதிரைமேல், வாளோடு. படகில் அவனோடு பிடிபட்ட பெண்களுக்கு அங்கே இடமில்லை. முதலாம் சங்கிலியின் வாளுக்கு இரையானவர்களுக்கோ, அவர்களும் பெயரறியாதவர்களே ஆயினும், தோட்டவெளியில் ஆண்டுதோறும் பூசை நடக்கிறது.