பறக்கும் தட்டு வந்த கதை



பிள்ளைகளுக்கு ஃபிரிஸ்பி எறியவும் பிடிக்கவும் பழக்குகிறோம் என்றதும், "கிளித்தட்டு இருக்க இதென்ன புதுத் தட்டு?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். இதன் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம்.

அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் 1871இல் தொடங்கிய ஒரு பேக்கரியின் பெயர் ஃபிரிஸ்பி. அதன் வெறும் தகரத் தட்டுகளை மாணவர்கள் எறிந்து விளையாடினார்கள். 1937இல் கலிபோர்னியாவில் ஃபிரெட் மோரிசன் என்ற இளைஞர், பின்னாளில் மனைவியான பெண்ணோடு பொப்கோர்ன் டின் மூடியை எறிந்து விளையாடினார். மூடி நெளிந்துபோக, கேக் தட்டுக்கு மாறினார்கள். அதைக் கடற்கரையில் பார்த்த ஒருவர், 5 சதத் தட்டுக்கு 25 சதம் தருவதாகக் கேட்டார். பிறகு யுத்தம் வந்தது. விமானியாகப் போன மோரிசன் 48 நாள் போர்க்கைதியாக இருந்தார். திரும்பி வந்தவர் 1948இல் பிளாஸ்டிக்கில் தட்டுச் செய்தார். 1957இல் வாம்-ஓ கம்பனி அதை வாங்கி, பழைய பேக்கரியின் பெயரையே வைத்தது.

கையில் அகப்பட்ட வட்டமான ஒன்றை யோசிக்காமல் எடுத்து எறிந்தவர்களின் கதை இது. வன்னிப் பிள்ளைகளுக்கு அந்தச் சுதந்திரம் இருக்கவில்லை. 1996இல் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்தபோது ஸ்கந்தபுரமும் அக்கராயனும் சனத்தைத் தாங்கின. 2008இல் ஸ்கந்தபுரமே வெளிக்கிட்டது. மீளக் குடியேறிய காலத்தில் பாடசாலைகளில் சொல்லிக்கொடுத்த பாடம், தெரியாத சாமானைத் தொடாதே, எடுக்காதே, எறியாதே என்பதுதான். உள்ளங்கை அளவான வட்டப் பிளாஸ்டிக் மிதிவெடிகளைப் படத்தில் காட்டித்தான் பயமுறுத்தினோம். பயமுறுத்தத்தான் வேண்டியிருந்தது.

ஆகவே எங்கள் முதல் பாடம் எறிவதல்ல. தட்டைக் கைமாற்றி எல்லாப் பிள்ளைகளும் தொட்டுப் பார்க்கிறார்கள். துப்புரவான மைதானத்தில் மட்டும் விளையாட்டு. தட்டு பற்றைக்குள் போனால் பிள்ளை ஓடுவதில்லை, பெரியவர்தான் போய் எடுப்பார்.

பிறகு பிடிப்பது. ஒரு கை மேலே, ஒரு கை கீழே, முதலை வாய் மூடுவதுபோல. எறியும்போது பெருவிரல் மேலே, மற்ற விரல்கள் விளிம்பின் உள்ளே, கடைசியில் மணிக்கட்டை வெட்டிவிட வேண்டும். சுழற்சிதான் தட்டைச் சரியாமல் வைத்திருக்கிறது, காற்று அதைத் தூக்குகிறது. சுழலாவிட்டால் பொத்தென்று விழும். பரிதிவட்டத்தைத் தூரத்துக்கு எறிகிறோம், பிடிக்க ஆளில்லை. இது மற்றவர் பிடிக்கவேண்டும் என்று எறிவது.

அணி விளையாட்டானது 1968இல், நியூ ஜேர்சியின் கொலம்பியா உயர்தரப் பாடசாலை மாணவர்களால். 1970இல் மில்பேர்ன் பாடசாலையை 43-10 என்று வென்றார்கள். இன்று அந்தத் தட்டின் நிறை 175 கிராம். சென்னையில் ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடுகிறார்கள், அதைப் பற்றிய குறும்படம் '175 கிராம்ஸ்' 2015இல் சன்டான்ஸ் விழாவில் காட்டப்பட்டது.

இதில் நடுவர் தீர்ப்புச் சொல்வதில்லை. உலகப் போட்டியிலும் தவறை வீரர்களே சொல்லி, பேசித் தீர்க்கவேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு எறிவதைவிட இதுதான் கஷ்டம். "சேர், அவன் தட்டிட்டான்" என்று எங்களிடம்தான் ஓடி வருகிறார்கள். திரும்பிப் போய் அவனிடமே சொல்லு என்று அனுப்புகிறோம்.

வீட்டில் ஐஸ்கிறீம் வாளி மூடி இருந்தால் கொடுத்துவிடுங்கள். பழகுவதற்கு அது காணும்.