மலைநாட்டில் ஒரு தோணிக்கயிறு

ஹட்டனில் எங்கள் அப்பா (வாப்பாவின் வாப்பாவை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) ஒரு சில்லறைக் கடை வைத்திருந்தார். கூடை, சாக்கு, மண்வெட்டிப் பிடி என்று எல்லாம் இருந்தாலும் ஊரார் அதைக் கயிற்றுக்கடை என்றே சொன்னார்கள். கொழும்பிலிருந்து ரயிலில் வந்திறங்கும் தும்புக்கயிற்றுச் சுருளை அவர் உடனே உள்ளே அடுக்க விடமாட்டார். நடுவில் ஓரிடத்தைப் பிடித்து, முறுக்குக்கு எதிராகத் திருகி, புரிகளைப் பிரித்து முகர்ந்து பார்ப்பார். வெளியே பொன்னிறமாக இருந்தாலும் உள்ளே கறுத்திருந்தால் அந்தச் சுருள் திரும்பிப் போகும். "மேல பாத்து கயிறு வாங்கினவன் கடல்ல போயிருவான்" என்பார். நாலாயிரம் அடி உயரத்தில் எந்தக் கடல் என்று நாங்கள் சிரிப்போம்.

அவர் கீழக்கரையில் பிறந்தவர். மீசை அரும்பும் வயதில் தோணியில் ஏறியவர். அதை நான் தெரிந்துகொண்டது ஒரு சண்டையால்.

பள்ளிக்கூடத்தில் ஒருநாள் ஒருவன் என்னை "மரக்கல" என்றான். என் பக்கத்தில் நின்ற லயத்துக் கூட்டாளியை "கள்ளத்தோணி" என்றான். அடிபட்டுக் கடைக்கு வந்த எங்கள் இருவரையும் பார்த்து அப்பா கேட்டது ஒரே கேள்வி: "சொன்னவன் தோணிய கண்ணால கண்டிருக்கானா?"

பின்னாளில்தான் யோசித்தேன். மலையகத்தில் சிறுபான்மையோர் மீது எறியப்பட்ட பெயர்களெல்லாம் கடலில் மிதந்தவை. சிங்களத்தில் நம்மைக் குறிக்கும் 'மரக்கல', தமிழ் மரக்கலத்திலிருந்து வந்தது என்பார்கள். அறபு 'மர்கப்' என்பதிலிருந்து வந்தது என்போரும் உண்டு. இரண்டுமே கப்பல்தான். 'ஹம்பயா' என்ற ஏச்சும் சம்பான் என்ற படகிலிருந்து பிறந்தது. அம்பாந்தோட்டைக்கும் அந்தப் படகே பெயர் கொடுத்தது என்பர். இதில் நம்மவர் கையும் சுத்தமில்லை. இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரிகளைச் 'சம்மாங்காரர்' என்று தள்ளிவைத்துப் பேசியவர்களில் இலங்கைச் சோனகரும் உண்டு. 1915 கலவரத்தில் முதலில் குறிவைக்கப்பட்டவர்கள் இந்தச் சம்மாங்காரர்களே.

அந்தத் தோணியைப் பற்றி அப்பா சொன்னதெல்லாம் கயிற்றைப் பற்றித்தான். பாய்மரத்தை முன்னும் பின்னும் இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் கட்டுக்கயிறுகள், பாயை ஏற்றி இறக்கும் ஆஞ்சான், பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டும் தாமான். எல்லாம் தென்னந்தும்பு. தும்புக்கயிறு உப்புத் தண்ணீருக்கு அசையாது, மழைத் தண்ணீர்தான் அதற்கு எமன். ஆகவே வாடைக்காற்று மாதங்களில் தோணியைக் கரையேற்றி வைத்து, மழை ஓய்ந்ததும் கயிறு மாற்றுவார்கள்.

மாற்றுவதில் ஒரு முறை உண்டு. பாய்மரத்தின் கட்டுகளை ஒரேயடியாக அவிழ்க்கக் கூடாது. பழைய கயிற்றின் பக்கத்தில் புதியதைக் கட்டி இறுக்கிய பிறகே பழையதைத் தளர்த்த வேண்டும். புதுத்தும்பு சுமை ஏறினால் நீளும். நாலைந்து நாள் விடாமல் இழுத்து இறுக்காவிட்டால் முதல் காற்றிலேயே மரம் ஆடத் தொடங்கும். கயிறு கெடுவதும் கண்ணுக்குத் தெரியும் நடுப்பகுதியில் அல்ல. மர உச்சியைச் சுற்றி வளையும் இடத்திலும் கப்பியில் உரசும் இடத்திலும்தான். ஆஞ்சானை மாற்ற யாரும் உச்சிக்கு ஏறுவதில்லை. பழைய கயிற்றின் நுனியில் புதியதை ஒட்டித் தைத்து இழுத்தால், பழையது கப்பி வழியாகக் கீழே வர, புதியது அதே பாதையில் மேலே ஏறிக்கொள்ளும். தைப்பு தடித்துவிட்டால் கப்பியில் சிக்கும், அப்புறம் திட்டு வாங்கிக்கொண்டு ஏற வேண்டியதுதான். அப்பா ஏறியிருக்கிறார்.

இதையெல்லாம் அறபுக் கடலோடிகள் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். பத்தாம் நூற்றாண்டில் அபூ ஸைத் அஸ்ஸீராஃபி எழுதுகிறார்: ஓமானியர் தென்னை வளரும் தீவுகளுக்குப் போய், மரத்தில் பலகையும் பாய்மரமும், ஓலையில் பாயும், தும்பில் கயிறும் செய்து, தேங்காயையே சரக்காக ஏற்றிக்கொண்டு திரும்புவார்கள். அல்பீரூனி மாலைதீவின் ஒரு பகுதியைக் கயிற்றுத் தீவுகள் என்றே குறித்தார். இப்னு பதூதா அங்கே காழியாக இருந்தபோது, மட்டையை ஊறவைத்து அடித்துப் பெண்கள் கயிறு திரிப்பதைப் பார்த்து எழுதினார். ஆணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடைந்துவிடும், கயிற்றால் தைத்தது நெகிழ்ந்துகொடுக்கும் என்பது அவர் சொன்ன காரணம்.

அதே இப்னு பதூதாதான் 1344இல் மஃபருக்குப் போகும் வழியில் காற்றால் இலங்கைக் கரைக்குத் தள்ளப்பட்டு, நம் கண்முன் நிற்கும் பாவா ஆதம் மலையில் ஏறினார். மலைச்சரிவில் பிடித்தேற இரும்புச் சங்கிலிகள் இருந்ததையும், பத்தாவதற்கு ஷஹாதத் சங்கிலி என்று பெயர் இருந்ததையும் பதிந்திருக்கிறார். அங்கிருந்து கீழே பார்ப்பவன் விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் கலிமா சொல்வானாம். அவருடைய மெய்யான பயம் பிறகு கடலில் வந்தது. மஃபர் கரைக்கு அருகில், தேர்ந்த மாலுமி இல்லாத கப்பல் ஆழமில்லாத இடத்தில் தட்டியது. பாய்மரத்தை வெட்டிக் கடலில் எறிந்துவிட்டுத் தெப்பம் கட்டினார்கள். (மாலுமி என்ற சொல்லே அறபு 'முஅல்லிம்'தான்.) மரத்தை வெட்டுமுன் அதைப் பிடித்திருந்த கயிறுகளை அறுத்திருக்க வேண்டும். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் கை நினைவுக்கு வரும்.

இனி அந்தக் 'கள்ளத்தோணி'. கோப்பிக் காலத்தில் இராமநாதபுரக் கரையிலிருந்து மன்னாருக்குப் பாய்த்தோணிகளில் ஏற்றி, மாத்தளைவரை காட்டுவழியே நடத்திவந்தது தோட்டத்துரைமாருக்காக, அரசு அறிய. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு கொடுத்து அழைத்துவந்தார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பின் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல். இதில் களவு எங்கே?

1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் அப்பாவையும் என் கூட்டாளியின் தாத்தாவையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. கலியாணமானவர் 1946 ஜனவரி 1க்கு முந்திய ஏழு ஆண்டு விடாமல் இங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். விண்ணப்பத்தில் அடங்கியோர் எட்டு இலட்சத்துக்கு மேல், பதிவு கிடைத்தது சுமார் ஒரு இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. அப்பாவைக் கடையின் கணக்குப் புத்தகம் காப்பாற்றியது. எந்தத் தோட்டத்துக்கு எத்தனை சுருள் கயிறு, எந்தத் தேதியில் என்று வருடக்கணக்கில் எழுதிவைத்திருந்தார். கூட்டாளியின் குடும்பத்திடம் காட்ட எந்தப் புத்தகமும் இல்லை.

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. எழுபதுகளில் அவன் வீட்டு முறை வந்தது. ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து 'ராமானுஜம்' கப்பலில் இராமேஸ்வரம். கையில் பாஸ்போர்ட், டிக்கட்.

புறப்படுமுன் பெட்டி கட்டக் கயிறு வாங்க அவனும் அவன் அம்மாவும் கடைக்கு வந்தார்கள். அன்று நல்ல மழை. அப்பா முதல் சுருளைத் திருகிப் பார்த்துவிட்டு ஒதுக்கினார். இரண்டாவதையும் ஒதுக்கினார். மூன்றாவதில் எட்டு முழம் அளந்து வெட்டினார். அந்தம்மா முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனபோது, "வேணாம் தங்கச்சி, கப்பல் ஏறுறவங்களுக்கு நான் கயித்த விக்கிறதில்ல" என்றார்.