கோலாரின் சயனைடு மேடுகள்: கழிவு என்பது யார் எழுதிய கணக்கு?

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. 1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வேரூன்றச் செய்த அத்தொழில், ஏறத்தாழ 800 டன் தங்கத்தை அளித்து ஓய்ந்தது. ஊரில் எஞ்சி நிற்பவை 13 சயனைடு மேடுகள். சுரங்கத்தைப் பற்றி எழுதியோர் பலர். இம்மேடுகளின் வரலாற்றை எழுதியோர் சிலரே.

தொடக்கத்தில் பாறையை இடித்துப் பொடியாக்கி, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மீது நீரோடு ஓடவிட்டனர். பாதரசம் பற்றிய தங்கம் கணக்கில் சேர்ந்தது. நுண்துகள்கள் மணலோடு வெளியேறின. 1887இல் கிளாஸ்கோவில் ஜான் ஸ்டூவர்ட் மக்கார்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் புதுமுறைக்குக் காப்புரிமை பெற்றனர். நீர்த்த சயனைடு கரைசல் காற்றின் துணையோடு தங்கத்தைக் கரைக்கும். துத்தநாகம் அதை மீண்டும் பிரித்துத் தரும். அம்முறை கோலாரை அடைந்ததும் நேற்றைய கழிவு மூலப்பொருளாயிற்று. அதற்கும் அகப்படாத தங்கத்தைச் சுமந்து வெளியேறிய பொடியே மேடுகளாக உயர்ந்தது.

இன்று அங்கே சுமார் 3.3 கோடி டன் பொடி இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. டன்னுக்கு ஒரு கிராம் தங்கம்கூடத் தேறாது. ஆயினும், தோண்டுதல், தூக்குதல், அரைத்தல் ஆகிய பெருஞ்செலவுகள் முன்னரே முடிந்துவிட்டன. தங்கத்தின் விலையோ பன்மடங்கு ஏறிவிட்டது. எனவே, மேடுகளிலிருந்து தங்கத்தைப் பிரிக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது.

அந்தச் செலவுகளைத் தம் உடலால் செலுத்தியவர்கள் யார்? வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து சென்ற தமிழ், தெலுங்குத் தொழிலாளர்கள். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பாறைத்தூள் அவர்களுள் பலரின் நுரையீரலைத் தின்றது. காற்று வீசும் காலங்களில் மேட்டுப் புழுதி இன்றும் தொழிலாளர் லைன்களின்மீது படிகிறது. மேடுகளைக் கிளறினால் புழுதி மேலும் எழும். தங்கத்தைப் பிரித்தபின் புதிய கழிவும் எஞ்சும்.

கழிவு என்பது பொருளின் இயல்பன்று. ஒரு காலத்தின் தொழில்நுட்பமும் சந்தை விலையும் இட்ட பெயர். சுரங்கம் மூடப்பட்டபோது மண்ணோடு மக்களும் அப்பெயரின்கீழ் ஒதுக்கப்பட்டனர். மண்ணின் கணக்கு திருத்தப்படுகையில், அம்மக்களின் குடியிருப்பு உரிமையும் மருத்துவமும் தூய காற்றும் அதே ஏட்டில் ஏற வேண்டும்.