தோட்டம் கைமாறும்போது

வேலையை வெளியாளிடம் ஒப்படைப்பது கணினி நிறுவனங்கள் கொண்டுவந்த புதுப் பழக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள். தோட்டத் தமிழர்களுக்கு இது பாட்டன் காலத்துக் கதை.

கேமரன் மலையில் 1929-ஆம் ஆண்டு ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அவரோடு சேர்ந்த ஏ.பி. மில்ன், இலங்கையில் தேயிலை வளர்த்த துரை. கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். அந்தக் காலத்தில் மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் பிடிப்பதும் ஆளை வேலை வாங்குவதும் கங்காணியின் பொறுப்பு. பெரட்டுக்கு எத்தனை பேர் வந்தார்களோ, அத்தனை பேருக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு.

மில்ன் வந்த இலங்கையிலோ ‘துண்டு’ என்றொரு சீட்டு இருந்தது. தொழிலாளியின் கடனைப் புதிய தோட்டம் கட்டினால் பழைய தோட்டம் ஆளை விடுவிக்கும். கடன் மட்டும் தொழிலாளியின் தலையிலேயே இருக்கும். 1921-இல் அந்த முறை ஒழிக்கப்பட்டது. அதுவரை தோட்டம் மாறிய தொழிலாளியோடு கடன்தான் போனது. உழைத்த ஆண்டுகள் போகவில்லை.

மலாயாவில் 1950-களில் இதைவிடப் பெரிய இடி ரப்பர் தோட்டங்களில் விழுந்தது. சுதந்திரம் வரப்போகிறது என்று அஞ்சிய வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். 100 ஏக்கருக்குக் குறைந்த நிலம் அரசாங்கக் கணக்கில் ‘தோட்டமே’ அல்ல. பால்மரம் அதே மரம்தான். ஆனால் லயமும் பள்ளியும் மருந்தகமும் யார் பொறுப்பு? வேலை குத்தகையாளர் கைக்குப் போக, குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. இந்தத் துண்டாடலை ஆராய்ந்து உங்கு அப்துல் அஜிஸ் தனி அறிக்கையே எழுதினார்.

துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாக நடந்து, ஆளுக்குப் 10 வெள்ளியாகச் சேர்த்து, விலைக்கு வரும் தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்க வழி செய்தார். முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம். முதலாளி மாறினாலும் பெரட்டில் இருந்த பெயர்கள் மாறவில்லை. இதுபோன்ற துணிச்சல் நம் சமுதாய வரலாற்றில் அபூர்வம்.

சட்டம் அந்த இடத்துக்கு வர மேலும் 20 ஆண்டுகள் ஆயின. 1980-ஆம் ஆண்டின் பணிநீக்க நன்மை விதிகளின்படி, நிறுவனம் கைமாறினால் புதிய முதலாளி 7 நாட்களுக்குள், பழைய நிலைக்குக் குறையாத நிபந்தனையில் வேலை தர முன்வர வேண்டும். தராவிட்டால் பழைய முதலாளியும் புதிய முதலாளியும் கூட்டாகவும் தனித்தனியாகவும் இழப்பீட்டுக்குப் பொறுப்பு: 5 ஆண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். குத்தகையாளர் கூலி தராமல் போனால், வேலை கொடுத்த தலைமை முதலாளியையும் 3 மாதச் சம்பளம் வரை பொறுப்பாக்குகிறது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம். ஆனால் 90 நாட்களுக்குள் வழக்குத் தொடுக்கவோ தொழிலாளர் துறையில் புகார் செய்யவோ வேண்டும். இது எத்தனை பேர் காதுக்கு எட்டியிருக்கும்?

இன்று கேமரன் மலைச் சரிவில் கொழுந்து வெட்டுபவர்கள் பெரும்பாலும் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களின் வேலை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. முதலாளி மாறினால் அனுமதியும் மாற வேண்டும். கடல் கடந்து வரவே கடன் வாங்கியவர்கள் அவர்களில் பலர்.