ஒருசந்தியின் நாழிகை

நம் நாட்டுக் கத்தோலிக்கரின் பழைய ஞானோபதேசப் புத்தகங்களில் ஒருசந்தி, சுத்தபோசனம் என்னும் இரண்டு கடமைகள் ஒன்றாகவே சொல்லப்பட்டிருக்கும். நாளுக்கு ஒரே வேளை உண்பது முன்னது, மாமிசத்தை விலக்குவது பின்னது. எதை உண்ணலாம், எதை விலக்கவேண்டும் என்பதைப் பற்றி எழுதியவர் பலர். அந்த ஒரு வேளை எந்த வேளை என்ற கேள்வியோ அதைக் காட்டிலும் சுவையானது என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், மேல்நாட்டுக் கிறிஸ்தவ உபவாசத்தின் சரித்திரத்தில் பெரும்பகுதி, அவ்வேளை அஸ்தமனத்திலிருந்து உச்சிப்பொழுதுக்கு மெல்ல மெல்ல நகர்ந்து வந்த சரித்திரமே.

ஆதி நூற்றாண்டுகளில் தவக்காலத்து உணவு பொழுது சாய்ந்த பிறகே உண்ணப்பட்டது. எகிப்திய வனாந்தரத்துத் துறவிகளை நான்காம் நூற்றாண்டின் இறுதியில் நேரில் கண்டு பழகிய ஜான் காசியன், பிற்காலத்தில் தென் பிரான்சில் இருந்து எழுதியபோது, அவர்களுடைய தினசரி ஆகாரம் இரண்டு சிறிய உலர்ந்த அப்பங்கள் என்றும், இரண்டும் சேர்ந்து ஒரு பவுண்டு எடைகூடத் தேறுவது அரிது என்றும் குறித்தார். வியப்பு அந்த அளவில் இல்லை. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்து பின்பு வயிறு புடைக்க உண்பவனைவிட, நாள்தோறும் அளவாக உண்பவனே மேலானவன் என்று அம்மூத்தோர் தீர்ப்பளித்திருந்தார்கள். மிதமிஞ்சிய நோன்பும் பெருந்தீனியும் துறவியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் ஒன்றே என்பது அவர்கள் அனுபவம். தேகத்தை வருத்துவதே பக்தியென்று இவர்களைப் பற்றி நாம் எண்ணிக்கொண்டிருப்பது பாதி உண்மைதான்.

இந்த விவேகத்தை நியமமாக வகுத்துக் கொடுத்தவர், நம்மவர் ஆசீர்வாதப்பர் என்று அழைக்கும் அர்ச்சியசிஷ்ட பெனடிக்ட். இத்தாலியில் மொந்தே காசினோ மலைமீது மடம் அமைத்த அவர், ஆறாம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்குநூலில், ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு ரொட்டியும், ஒன்று ஒவ்வாதவன் மற்றொன்றை உண்ணட்டும் என்று சமைத்த பதார்த்தம் இரண்டும், கிடைக்குமானால் பழமோ பசுங்காயோ ஒன்றும் விதித்தார். நாற்கால் பிராணிகளின் இறைச்சியை மிகவும் பலவீனப்பட்ட நோயாளிகளுக்கு மாத்திரம் அனுமதித்தார். மற்றவர் உண்ணும் அளவை நிர்ணயிக்கத் தமக்குத் தயக்கமாக இருக்கிறதென்று எழுதிவைத்த சட்டகர்த்தா உலகில் வேறு யாரேனும் உண்டோ, நான் அறியேன். உணவு வேளையை அவர் பருவத்தைப் பார்த்தே வைத்தார். பகலைப் பன்னிரண்டு பங்காக்கும் ரோமானிய வழக்கப்படி ஆறாம் மணி உச்சி, ஒன்பதாம் மணி பிற்பகல் சுமார் மூன்று. உயிர்ப்புத் திருநாளுக்குப் பிந்திய மகிழ்ச்சிக் காலத்தில் உச்சியில் ஒரு வேளையும் மாலையில் ஒரு வேளையும். கோடையில் புதனும் வெள்ளியும் ஒன்பதாம் மணி வரை நோன்பு, ஆனால் வயல் வேலையோ வெயிலோ கடுமையாயிருந்தால் அதுவும் தளர்த்தப்படும். தவக்காலத்திலோ மாலை ஜெபத்துக்குப் பின்பு ஒரே வேளை, அதுவும் விளக்கேற்றாமல் பகல் வெளிச்சத்திலேயே உண்டு முடியும்படி. கிழவருக்கும் சிறுவருக்கும் இவ்வேளைகளுக்கு முன்பே உணவு உண்டு.

பின்வந்தோர் சட்டத்தின் எழுத்தைக் காப்பாற்றிக்கொண்டு பொழுதை மாத்திரம் முன்னால் இழுத்தார்கள். ஒன்பதாம் மணி அடித்த ஓசை கேட்டவுடனே உண்ண உட்காருவோர் நோன்பு காத்தவரல்லர் என்று 800ஆம் ஆண்டையொட்டி ஆர்லேயான் ஆயர் தியோடல்ஃப் கடிந்துகொண்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் அதே ஒன்பதாம் மணியை முறையான வேளையென்று ஏற்றுக்கொண்டார். பதினான்காம் நூற்றாண்டில் அது உச்சிக்கே வந்துவிட்டது. மாலை ஜெபத்துக்குப் பிறகே உண்ணவேண்டும் என்ற விதியோ அப்படியே இருந்தது. ஆகவே தவக்காலத்தில் மாலை ஜெபத்தை மதியத்துக்கு முன்பே சொல்லி முடித்துவிட்டு உண்ணப் போனார்கள். இந்த விநோத வழக்கம் இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது.

மதியத்தில் உண்டவனுக்கு இரவு பசிக்கும் அல்லவா? அதற்கு ஒரு வழி வெகுகாலம் முன்பே திறந்திருந்தது. உழைத்துக் களைத்த துறவிகள் இரவு ஜெபத்துக்கு முன் சிறிது பானம் அருந்தலாமென்று 817இல் ஆக்கன் நகரத்துச் சபை இசைந்தது. வெறும் பானம் வயிற்றுக்கு ஆகாதென்று பின்பு ஒரு துண்டு ரொட்டி சேர்ந்தது. பானம் நோன்பை முறிக்காதென்றால் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சாக்கலேட்டுப் பானம் முறிக்குமா? இதற்கென்றே ஸ்பெயினில் 1636இல் லேயோன் பினேலோ ஒரு நூல் எழுதினார். முறிக்காதென்று 1664இல் கர்தினால் பிரான்காச்சியோ வாதித்தார். இதற்கு முன்பே, தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண அனுமதி பெற்றோர் செலுத்திய காணிக்கையைக் கொண்டு ருவான் பேராலயத்தில் ஒரு கோபுரமே எழும்பியிருந்தது. இத்தகைய விதிகளின்மேல் பொறுமையிழந்த சிலர் 1522இல் சூரிக் நகரில் தவக்காலத்திலேயே கொத்திறைச்சி உண்டார்கள். அச்சுக்கூடக்காரர் ஃபிராஷவர் வீட்டில் நடந்த அந்த விருந்தில் தாம் உண்ணாமல் உடனிருந்த சீர்திருத்தவாதி ஸ்விங்லி, சில நாட்களில் அதை ஆதரித்துப் பிரசங்கித்தார்.

வேளையையும் பதார்த்தத்தையும் பற்றி இரு தரப்பாரும் சண்டையிட்டுக்கொண்டிருக்கையில், காசியன் கண்ட அளவென்னும் தத்துவத்தை மீட்டெடுத்தவர் லூவேன் நகரத்து இயேசு சபைக் குரு லியோனார்ட் லெசியுஸ். இளமையைப் போகத்தில் கழித்து உடல் கெட்டு, பின்பு நாளுக்குப் பன்னிரண்டு அவுன்ஸ் உணவும் பதினான்கு அவுன்ஸ் திராட்சரசமும் என்று வரையறுத்துக்கொண்டு முதிர்ந்த வயது வரை வாழ்ந்த வெனிஸ் பிரபு லூயிஜி கொர்நாரோ 1558இல் வெளியிட்ட சிறு நூல் லெசியுஸைக் கவர்ந்தது. அதை லத்தீனில் பெயர்த்ததோடு, 1613இல் ‘ஹைஜியாஸ்டிகன்’ என்று தாமே ஒரு நூலும் எழுதினார். மிதாகாரம் புலன்களையும் ஞாபகத்தையும் தெளிவாக்கி ஜெபத்துக்குத் தகுதியாக்கும் என்பது அவர் கட்சி. இங்கிலாந்தில் 1634இல் இந்நூல் வெளிவந்தபோது, ஆங்கிலிக்கன் குருவும் கவிஞருமான ஜார்ஜ் ஹெர்பர்ட் செய்த கொர்நாரோ மொழிபெயர்ப்பும் அதனுடன் சேர்ந்து வந்தது. திருச்சபை இரண்டாகப் பிளந்த அக்காலத்தில் இரு கரையாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தது இந்த மிதமான சாப்பாட்டுக்காகத்தான்!

மேல்நாட்டில் உச்சிக்கு நகர்ந்துவிட்ட ஒன்பதாம் மணி, எத்தியோப்பியத் திருச்சபையில் இன்றும் வழக்கிழக்கவில்லை. விடியலிலிருந்து மணி எண்ணும் அந்நாட்டில் நமது பிற்பகல் மூன்று மணி அவர்களுக்கு ஒன்பது. 55 நாள் பெரிய நோன்பில் மாமிசமும் பாலும் முட்டையும் விலக்கி, பக்தியுள்ளோர் அவ்வேளை வரை ஒன்றும் உண்ணாமலிருந்து, பின்பு டெஃப் மாவைப் புளிக்கவைத்துச் சுட்ட இஞ்செராவைப் பருப்புக் குழம்புடனோ கடலைமாவுக் கூழுடனோ உண்கிறார்கள். குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விலக்கு உண்டு. ஆயினும் அதை ஏற்க மனமின்றி நோன்பிருக்கும் கர்ப்பிணிகள் இருப்பதால், உண்பது பாவமன்று என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லச் சுகாதார ஊழியர் குருமாரின் உதவியை நாடுகின்றனர்.